திரும்பக் கூப்பிடுவோம்

எங்கள் ஊர் ஒரு குன்றின்மேல் இருக்கிறது. நெதர்லாந்தில் இதை வேறு எவரிடம் சொன்னாலும், கட்டிலுக்கு அடியில் புலி இருக்கிறது என்று சொல்லும் குழந்தையைப் பார்ப்பதுபோல நம்மைப் பார்ப்பார்கள். நாட்டின் வரைபடத்தில் தெற்கு லிம்பர்க் கீழே தொங்குகிற ஒரு வால். வால் மேட்டில் இருந்தால் என்ன, பள்ளத்தில் இருந்தால் என்ன என்பது வடக்கத்திக்காரர்களின் எண்ணம்.

எங்கள் ஊரான க்ரூபர்க்கிலிருந்து கீழே இறங்கப் பள்ளப்பாதை ஒன்றுதான் வழி. இரண்டு பக்கமும் ஆள் உயரத்துக்கு மண்சுவர், மேலே மரங்கள் கூடி நிழல் கட்டியிருக்கும். பாதி வழியில் ஒரு கல் சிலுவையும் பெஞ்சும். அதைத் தாண்டினால் ஒரு வளைவு. வளைவு முடிகிற இடத்தில் நெடுஞ்சாலை. இலையுதிர் காலத்தில் அந்தச் சாலையில் சர்க்கரை ஆலைக்குப் போகும் பீட்ரூட் லாரிகள் ஓய்வில்லாமல் ஓடும்.

அந்தப் பாதையில் தினமும் சைக்கிளில் இறங்கி ஏறியவள் ஃபீன் பெர்டோலெ. என் பக்கத்து வீட்டுக்காரன் ஹூப்பின் மனைவி. தள்ளாத கிழவர்களின் வீடு வீடாகப் போய்க் கால் வீக்கத்துக்கான இறுக்கக் காலுறையை மாட்டிவிடுவது, மாத்திரையை எடுத்துக் கொடுப்பது, அவர்களுடைய மகன்கள் ஏன் வரவில்லை என்பதற்கு நல்லதாக ஒரு காரணம் கண்டுபிடித்துச் சொல்வது ஆகியவை அவள் வேலை. ஹூப் வீடுகளுக்குப் பெயின்ட் அடிப்பவன். அரசாங்கத்தை நம்புகிறவன். அரசாங்கக் கடிதம் வந்தால் கையைக் கழுவிவிட்டு உட்கார்ந்து படிப்பான். நான் வெந்நீர்க் குழாய் ரிப்பேர் செய்கிறவன், பெயர் லை. எதையும் நம்புவதில்லை. அதனால் எந்தப் பயனும் இருந்ததில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஒரு செப்டம்பர் மாலை, தொலைக்காட்சிச் செய்தியில் வானிலைக்கு முன்னால் ஓர் அறிவிப்பு வந்தது. போல்டர்ஸ்டெர் நிறுவனத்தின் சைக்கிள்களில் பிரேக் கம்பியைப் பிடித்திருக்கும் கொக்கி, நீண்ட நேரம் பிரேக்கை அழுத்தினால் திறந்துகொள்ளக்கூடும். முன் பிரேக்கிலும் அதே கொக்கி, பின் பிரேக்கிலும் அதே கொக்கி. ஆகவே அந்தச் சைக்கிள்கள் திரும்ப அழைக்கப்படும். இதற்கென்றே லேலிஸ்டாட் நகரில் இயங்கும் திரும்ப அழைப்பு மன்றம் இதைக் கவனிக்கும். அதுவரை பொதுமக்கள் பதற்றம் அடையாமல், பிரேக் பிடிப்பதைக் குறைத்துக்கொண்டு, வழக்கம்போல ஓட்டவும். அடுத்து வானிலை. மேற்கிலிருந்து மழை.

ஃபீனுடைய சைக்கிள் போல்டர்ஸ்டெர். ஹூப் மறுநாளே மன்றத்துக்குப் போன் செய்தான். ஒரு பெண் குரல் மிகவும் இனிமையாக, கவலையே வேண்டாம், திரும்பக் கூப்பிடுவோம் என்றது. ஹூப் காத்திருந்தான். ஏணியில் ஏறும்போது போனைப் பெயின்ட் வாளியின் பிடியில் கட்டிக்கொண்டு ஏறினான். கழிவறைக்கும் எடுத்துப் போனான். போன் வரவில்லை. மறுபடி இவனே கூப்பிட்டான். மறுபடியும் திரும்பக் கூப்பிடுவோம் என்றார்கள். இப்படியே போய்க்கொண்டிருந்த ஒரு நாள், அந்தப் பெண் சிரித்துவிட்டாள்.

"ஐயோ ஹூப், உன்னை இல்ல. வண்டியைத்தான் திரும்பக் கூப்பிடுவோம்னு சொன்னோம்."

"வண்டியை எப்படிங்க கூப்பிடுவீங்க?"

"அதைத்தான் இன்னும் பேசிக்கிட்டிருக்கோம்."

இதற்கிடையில் ஃபீன் தன்னால் முடிந்த ஏற்பாட்டைச் செய்துகொண்டாள். மேலே ஏறும்போது ஓட்டுவாள், சமதளத்தில் ஓட்டுவாள், பள்ளப்பாதையில் இறங்கும்போது மட்டும் இறங்கித் தள்ளிக்கொண்டு நடப்பாள். கடைசி வீட்டுக் கிழவருக்குக் காலுறை தாமதமாக ஏறியது, அவர் முணுமுணுத்தார், அவ்வளவுதான். என்னைக் கேட்டால் விஷயம் அங்கேயே முடிந்திருக்க வேண்டும். ஆனால் பக்கத்துக் குன்றில் டோர்ட்யெ என்ற சின்னப் பெண், ஃபீனுடன் வேலை செய்பவள், அதே நிறுவனத்துச் சைக்கிளில் பின்னால் குழந்தையை உட்கார வைத்துக்கொண்டு காப்பகத்துக்கு இறங்குவாள். அவளுக்கு நடக்க நேரமில்லை. ஃபீன் சொல்லிப் பார்த்தாள். டோர்ட்யெ, டிவியிலேயே ஓட்டலாம்னு சொன்னாங்களே அக்கா என்றாள். அன்றிலிருந்துதான் ஃபீன் ஹூப்பைப் பிடித்து ஆட்ட ஆரம்பித்தாள். நேரில் போ, பேசு, அந்தக் குழந்தை விழுவதற்குள் அந்தக் கொக்கியை மாற்றச் சொல்லு என்றாள்.

சைக்கிளை என் வேனில் ஏற்றிக்கொண்டு நாங்கள் லேலிஸ்டாட் போனோம். அந்த நகரம் கடலடியில் இருக்கிறது. அதாவது, கடலைத் தள்ளிவிட்டு அது இருந்த இடத்தில் நகரம் கட்டியிருக்கிறார்கள். அங்கே ஒரு கோலிக்குண்டைத் தரையில் வைத்தால் எந்தப் பக்கம் உருள்வது என்று தெரியாமல் நின்றுவிடும். பிரேக்கைப் பற்றி முடிவெடுக்கும் அலுவலகத்தை அங்கே கொண்டுபோய் வைத்தது யாருடைய யோசனையோ தெரியவில்லை. யாரும் தனியாக யோசித்திருக்க வாய்ப்பில்லை, கூடிப் பேசித்தான் செய்திருப்பார்கள்.

போனில் பேசிய பெண் வாசலுக்கே வந்து கைகொடுத்தாள். யிட்ஸ்கெ என்று பெயர். வடக்கே ஃப்ரீஸ்லாந்துக்காரி, நல்ல பெண், நான் குறை சொல்லவில்லை. ஹூப் வழக்கப்படி, நீங்கதான் போன்ல பேசினீங்களா என்றான். எங்கள் பக்கத்தில் மாமியாரைக்கூட நீங்க என்றுதான் சொல்வோம்.

யிட்ஸ்கெ அவன் தோளைத் தொட்டாள். "நீங்க வாங்கல்லாம் இங்க கிடையாது ஹூப். எங்க தலைவரைக்கூட நாங்க நீ வா போ தான். மனுஷனுக்கு மனுஷன் நடுவுல எதுக்கு வேலி?"

ஹூப்புக்கு மகிழ்ச்சியில் காது சிவந்துவிட்டது. வெளியே வந்தபிறகும், பார்த்தாயா, சொந்தக்காரர்கள்போல இருக்கிறார்கள் என்றான். வேலி இல்லாத இடத்தில் பிடித்துக்கொள்ளவும் ஒன்றும் இருக்காது என்று எனக்குத் தோன்றியது.

யிட்ஸ்கெ கணினியில் விவரம் பதிந்தாள். எந்த இடத்தில் பிரேக் அதிகம் பயன்படுகிறது என்ற கேள்விக்கு ஹூப், மலை இறக்கத்தில் என்றான். அவள் தேடினாள். மலை என்ற சொல் அதில் இல்லை. சரிவும் இல்லை. சாலைச் சந்திப்பு, பள்ளிக்கூட வாசல், சந்தைத் தெரு, பாலம் என்று நான்குதான் இருந்தன. நாட்டில் உயரமாக அவர்களுக்குத் தெரிந்தது பாலம் மட்டும்தான். வாய்க்காலின்மேல் வளைந்து ஏறி, அந்தப் பக்கம் இறங்குகிற பாலம்.

"அப்போ பாலம்னு போட்டுக்கறேன்" என்றாள் யிட்ஸ்கெ. "கீழ என்ன தண்ணி ஓடுது?"

"தண்ணி இல்லைங்க."

"பரவாயில்ல. தண்ணியில்லாத பாலம்."

ஆக, க்ரூபர்க் குன்று அரசாங்கப் பதிவுகளில் தண்ணீரில்லாத பாலம் ஆனது. பாலத்துக்கு ஏற்கெனவே வழிகாட்டுதல் ஒன்று உண்டு. இறக்கத்தில் பிரேக்கை விட்டுவிட்டு வண்டியை உருளவிட வேண்டும். பாலம் முடிந்ததும் தரை சமமாகிவிடும், வண்டி தானாக ஓய்ந்து நின்றுவிடும். யிட்ஸ்கெ அதை அச்சடித்தே கொடுத்தாள்.

சைக்கிளை இங்கேயே விட்டுவிட்டுப் போகலாமா என்று கேட்டேன். முடியாது. இன்னும் கூப்பிடவில்லையே. கூப்பிடாத வண்டியை வாங்கி வைத்தால் அது கைவிடப்பட்ட வண்டி, அதற்கு வேறு துறை. இன்னொரு சிக்கலும் வெளியே வந்தது. இறக்கத்தில் தள்ளிக்கொண்டுதான் போகிறாள் என்று ஹூப் நேர்மையாகச் சொல்லித் தொலைத்தான். யிட்ஸ்கெயின் முகம் வாடியது. தள்ளிக்கொண்டு போவது வழக்கமான பயன்பாடு ஆகாது. வழக்கமாகப் பயன்படுத்தாத வண்டியில் ஆபத்து இல்லை. ஆபத்து இல்லாத வண்டியைத் திரும்பக் கூப்பிட முடியாது. ஒழுங்காக ஓட்டிக்கொண்டிருப்பவர்களுக்குத்தான் முன்னுரிமை என்றாள்.

ஹூப், அவ விழுந்தாத்தான் கொக்கி கெடைக்குமா என்று கேட்டான். கிண்டலாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே விதியைப் புரிந்துகொள்ள விரும்பினான்.

அவளுக்குப் பாவமாக இருந்திருக்க வேண்டும். அன்று மன்றம் கூடுகிறது, பொதுமக்கள் கேட்பதற்கு நாற்காலி உண்டு, வா என்று கூட்டிப் போனாள்.

நீளமான மேசை. தலைவர் ரூலோஃப், சாம்பல் நிறக் கம்பளிச் சட்டை, டை இல்லை. ஒரு பக்கம் தயாரிப்பாளர்கள் தரப்பில் ஓர் அம்மையார், மறுபக்கம் ஓட்டுவோர் சங்கத்தின் சார்பில் ஒரு தாடிக்காரர், நடுவில் அமைச்சகத்து ஆட்கள். காபி வந்தது. ரூலோஃப் பிஸ்கட் டப்பாவைத் திறந்தார். ஒவ்வொருவரும் ஒன்று எடுத்தார்கள். டப்பா மூடப்பட்டது. நாங்கள் அவர்களுக்காக வ்லாய் என்கிற எங்கள் ஊர்ப் பழப் பணியாரம், செர்ரி வைத்துச் சுட்டது, முழு வட்டமாக ஒன்று கொண்டுபோயிருந்தோம். எங்கள் பக்கம் அதை எட்டாக வெட்டி ஆளுக்கு ஒரு துண்டு வைப்போம், இரண்டாவது துண்டு வேண்டாம் என்றால் கோபித்துக்கொள்வோம். ரூலோஃப் நன்றி சொல்லி அதைப் பக்கத்து அறைக்கு அனுப்பிவிட்டார். அன்பளிப்பு முடிவைப் பாதிக்குமாம்.

அந்த மன்றத்தில் வாக்கெடுப்பு கிடையாது. எல்லோரும் மனமொத்துத் தலையாட்டும்வரை பேசுவார்கள். அன்றைய பேச்சு, கொக்கியில் இருப்பதற்கு என்ன பெயர் என்பது. கோளாறு என்ற சொல்லுக்கு அம்மையார் ஒப்பவில்லை. குறை என்றால் தொழிலாளர்கள் மனம் புண்படும் என்றார். தாடிக்காரர் அபாயம் என்றார். அபாயம் என்றால் மக்கள் சைக்கிளைவிட்டுக் காருக்குப் போய்விடுவார்கள், அது பூமிக்குக் கேடு என்று அமைச்சகம் சொல்ல, தாடிக்காரர் பூமியை நினைத்து வாபஸ் வாங்கினார். கடைசியில் எதிர்பாராத நெகிழ்வு என்று முடிவானது. எல்லோரும் தலையாட்டினார்கள். இதற்கு முந்தைய கூட்டங்கள் முழுக்கத் திரும்ப அழைத்தல் என்ற சொல்லுக்கே போய்விட்டதாகவும், அது கொஞ்சம் அதட்டலாக இருக்கிறதே என்று இன்னும் சிலருக்கு உறுத்தல் இருப்பதாகவும் யிட்ஸ்கெ என் காதில் சொன்னாள்.

பொதுமக்கள் பேசலாம் என்றதும் ஹூப் எழுந்தான். தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு, தன் மனைவி தினமும் அந்தப் பாதையில் போகிறாள், இன்னொருத்தி பின்னால் குழந்தையை வைத்துக்கொண்டு போகிறாள், கீழே லாரி போகும் சாலை என்று சொன்னான். உட்கார்ந்துவிட்டான்.

ரூலோஃப் கண்ணை மூடிக் கேட்டுவிட்டுப் பேசினார். மனதைத் தொடும்படி பேசினார்.

"ஹூப், உன் பயத்துக்கு இங்க இடம் இருக்கு. அதை நான் மதிக்கிறேன். ஆனா ஒண்ணு யோசிச்சுப் பாரு. இந்த நாட்டுல எதுவும் கடைசில தானா நின்னுடும். காத்து நிக்குது, தண்ணி நிக்குது, சைக்கிளும் நிக்கும். பிரேக்குங்கறது என்ன? நம்ம அவசரம். முப்பது வருஷமா சைக்கிள்ல ஆபீஸ் வரேன், நான் பிரேக் புடிச்சதா ஞாபகமே இல்ல."

பலரும் தலையாட்டினார்கள். தண்ணீரில்லாத பாலம் என்பது புதிய வகை என்பதால் நேரில் கண்டறிதல் அவசியம் என்று முடிவானது. மன்றமே க்ரூபர்க்குக்கு வரும். அங்கே ஃபீன் வழக்கம்போல ஓட்டிக் காட்ட வேண்டும். நெகிழ்வு கண்ணால் காணப்பட்டால் அந்த வகைப் பாலங்களில் ஓடும் எல்லா வண்டிகளும், டோர்ட்யெயினுடையதும் சேர்த்து, உடனே திரும்ப அழைக்கப்படும். வழியெல்லாம் ஹூப் பாட்டுப் பாடிக்கொண்டு வந்தான்.

அக்டோபர் கடைசியில் ஒரு நாள், மழை விட்டு வெயில் அடித்த காலையில், பேருந்து நிறைய வந்து இறங்கினார்கள். எல்லோரும் பளபளக்கும் மஞ்சள் அங்கி, தலைக்கவசம். அவர்கள் நடக்கப்போகிறவர்கள். ஃபீன் வீட்டில் நான்கு வகை வ்லாய் சுட்டு வைத்திருந்தாள். ரூலோஃப் பள்ளப்பாதையின் மேல்முனையில் நின்று கீழே எட்டிப் பார்த்தார். முகம் சற்று மாறியது. அருமையான பாலம் என்றார்.

அவர் முகத்தைப் பார்த்த ஹூப் யிட்ஸ்கெயைத் தனியே இழுத்து, ஃபீன் வேண்டாம், உங்கள் ஆட்களில் ஒருவர் ஓட்டட்டுமே என்றான். யிட்ஸ்கெ அதிர்ந்துபோனாள்.

"எங்க ஆளுங்க அதுல ஏறவே கூடாது ஹூப். நெகிழ்வு இருக்கற வண்டியாச்சே. பாதுகாப்பு விதி."

நான் என் பங்குக்கு ஒன்று செய்தேன். கீழே நெடுஞ்சாலை ஓரத்தில் போய் நின்று, லாரி வந்தால் நிறுத்துவதற்காக எங்கள் ஊர் வாத்தியக் குழுவின் கொடியைப் பிடித்துக்கொண்டேன். மன்றத்து ஆள் ஒருவர் மூச்சிரைக்க இறங்கி வந்தார். சாலைப் போக்குவரத்து மாகாணத்தின் பொறுப்பு, மாகாணம் இந்த நிகழ்ச்சிக்கு அழைக்கப்படவில்லை, அழைப்பதென்றால் இன்னொரு கூட்டம் போட வேண்டும், அதிகாரம் இல்லாதவர் கொடியோடு நின்றால் ஓட்டுநர்கள் குழம்பி விபத்து ஆகும் என்றார். என்னை மேலே கூட்டி வந்துவிட்டார். வந்தேன். கொடியும் கையில்தான் இருந்தது.

ஃபீன் சிரித்துக்கொண்டிருந்தாள். வேலைக்குப் போகும் வெள்ளைச் சட்டையைப் போட்டிருந்தாள். சிலுவை வரைக்கும்தானே, பாதி வழிதானே, பிரேக் விட்டால் செருப்பைத் தேய்த்து நிறுத்திக்கொள்வேன் என்றாள். ஹூப் ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு விடாமல் நின்றான்.

"வேணாம் ஃபீன். சொன்னாக் கேளு. அடுத்த தடவை பாத்துக்கலாம்."

"அடுத்த தடவைன்னா வசந்த காலமாம். கேட்டேன். அதுவரைக்கும் டோர்ட்யெ அந்தப் புள்ளையத் தூக்கிக்கிட்டு தினம் இறங்குவா. இவங்க ஒரு தடவை கண்ணால பாத்துட்டா முடிஞ்சுது. கைய எடு, எல்லாரும் பாக்கறாங்க."

அவன் கையை எடுத்தான். எல்லோரும் பார்த்தார்கள்.

முதல் முறை அவள் பிரேக்கை அழுத்தியபடியே மெல்ல இறங்கினாள். சிலுவைக்குப் பக்கத்தில் வண்டி கிரீச்சிட்டு நின்றது. பாதையோரம் வரிசையாக நின்ற மஞ்சள் அங்கிகள் கைதட்டின. தயாரிப்பாளர் தரப்பு அம்மையார் கண்ணில் நீர் வந்துவிட்டது. நின்றுவிட்டதே என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். நெகிழ்வைக் காணோம் என்று குறிக்கலாமா என்று அமைச்சகம் கேட்டது. தாடிக்காரர் அன்றைக்கு ஒருமுறை தைரியமாகப் பேசினார். ஒருமுறை பார்ப்பது பார்த்ததாகாது, குறைந்தது இருமுறை பார்க்க வேண்டும் என்று விதி இருக்கிறது என்றார். அவர் சொன்னது சரிதான். விதி இருக்கிறது.

ஃபீன் மறுபடி வண்டியை மேலே தள்ளிக்கொண்டு வந்தாள். மூச்சு வாங்கியது. முன்சக்கரத்தின் நடுப்பகுதி சூடேறி அதிலிருந்து கருகல் வாசனை வந்தது. நான் அதைச் சொன்னேன். வாசனை நேரில் கண்டறிதலில் சேராது என்றார் ரூலோஃப்.

இரண்டாவது முறை சிலுவையை எட்டும் முன்பே கொக்கி திறந்துகொண்டது. டிக் என்று சின்ன சத்தம். உடனே இன்னொரு டிக். ஃபீன் இரண்டு காலையும் தரையில் ஊன்றினாள். ஈர இலைகளின்மேல் செருப்பு வழுக்கியது. வண்டி சிலுவையைத் தாண்டியது. வரிசையில் நின்றவர்கள் விலகி வழிவிட்டார்கள். ரூலோஃப் மட்டும் பதறவில்லை. அவருக்குத் தெரிந்த ஒரே உண்மையை, நல்ல மனதோடு, கையை வாய்க்கருகே குவித்துக் கத்தினார்.

"விட்டுடு ஃபீன், உருளட்டும்! தானா நின்னுடும்!"

ஹூப் ஓடினான். ஃபீன், ஃபீன் என்று கூப்பிட்டுக்கொண்டே ஓடினான். வளைவில் வெள்ளைச் சட்டை மறைந்தது. அதன்பின் லாரியின் ஹாரன் நீளமாகக் கேட்டது. ஹூப் கூப்பிடுவதை நிறுத்தவில்லை. நாங்கள் போய்ச் சேர்ந்தபோதும் சாலையில் உருண்டு கிடந்த பீட்ரூட்டுகளுக்கு நடுவில் மண்டியிட்டு அவன் கூப்பிட்டுக்கொண்டுதான் இருந்தான்.

மஞ்சள் அங்கிகள் பேருந்துக்குள் கதவைச் சாத்திக்கொண்டு அவசரக் கூட்டம் போட்டன. யிட்ஸ்கெ மட்டும் வெளியே படியில் உட்கார்ந்து வாந்தி எடுத்தாள். மேசையில் வெட்டாத வ்லாய்கள் அப்படியே இருந்தன. அன்று மாலை நான் அவற்றைக் கோழிகளுக்குப் போட்டேன்.

அடக்கம் முடிந்து கொஞ்ச நாளில் ஹூப்புக்கு மன்றத்திலிருந்து அழைப்பு வந்தது. மறுபடி என் வேன், மறுபடி அந்தக் கடலடி நகரம். வாசலில் யிட்ஸ்கெ நின்றாள். கைகொடுத்தாள். தோளைத் தொடவில்லை.

"வாங்க, திரு பெர்டோலெ. உங்க இழப்புக்கு நாங்க ரொம்ப வருந்தறோம். உள்ள உக்காருங்க."

ஹூப் நின்றுவிட்டான். என்னைத் திரும்பிப் பார்த்தான். ஃபீன் செத்துப்போனது அவனுக்கு அப்போதுதான் முழுதாகத் தெரிந்தது என்று நினைக்கிறேன். அடக்கத்தின்போதுகூட அவன் முகம் அப்படிப் போகவில்லை.

உள்ளே எல்லோரும் நீங்க என்றார்கள். ரூலோஃப் டை கட்டியிருந்தார். பக்கத்தில் ஒரு வழக்கறிஞர் இருந்தார். பிஸ்கட் டப்பா திறந்தே வைக்கப்பட்டிருந்தது, எத்தனை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம்.

ரூலோஃப் எழுதி வைத்துப் படித்தார். "நடந்தது எங்க எல்லாரையும் ஆழமா பாதிச்சிருக்கு. நானும் ரெண்டு ராத்திரி தூங்கல, அதைத் திறந்த மனசோட சொல்றேன். ஆனா நாம நேர்மையா இருக்கணும். அன்னைக்கு உங்க மனைவி வண்டியை ஒரு சோதனைக்காக ஓட்டினாங்க. சோதனைங்கறது வழக்கமான பயன்பாடு இல்ல. வழக்கமான பயன்பாட்டுல இதுவரைக்கும் ஒரு நெகிழ்வும் பதிவாகல. வண்டி கடைசில நின்னுடுச்சுங்கறதையும் குறிச்சிருக்கோம்."

வண்டி நின்றது உண்மைதான். அதை யாரும் மறுக்க முடியாது.

ஹூப் ஒன்றே ஒன்று கேட்டான். டோர்ட்யெயுடைய கொக்கியை மாற்றுவீர்களா என்று கேட்டான். அது மனமொத்த முடிவுக்காகக் காத்திருக்கிறது என்றார்கள். அம்மையார் இன்னும் தலையாட்டவில்லை. ஹூப் எழுந்தான். கதவருகே போய்த் திரும்பி, இத்தனை நாளாக அவன் வாயில் நான் கேட்டிராத ஒரு சொல்லை ரூலோஃபைப் பார்த்துச் சொன்னான். அதை இங்கே எழுத முடியாது. அவன் சொன்னதில் மரியாதை விகுதி மட்டும் குறையவில்லை. கடைசிவரை நீங்க என்றுதான் முடித்தான்.

மறுநாள் ஹூப் தன் கம்பி வெட்டும் கத்தரியை எடுத்துக்கொண்டு பக்கத்துக் குன்றுக்குப் போனான். டோர்ட்யெயின் வீட்டு வாசலில் நின்ற சைக்கிளின் பெடல் சங்கிலியை அறுத்து எடுத்துவிட்டு, அவள் கதவைத் திறக்கும்வரை அங்கேயே நின்றான். அவள் திட்டவில்லை. அன்றிலிருந்து அவள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு நடக்கிறாள். ஹூப்புக்கு வேலை இல்லாத நாளில் அவன் தூக்கிக்கொண்டு போகிறான்.

வசந்தத்தில் ஒரு பொட்டலம் வந்தது. மன்றத்தின் முத்திரை. ஹூப் கையைக் கழுவாமலேயே பிரித்தான். நான் அவன் சமையலறையில் குழாயடியில் குனிந்து வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். உள்ளே இரண்டு புதுக் கொக்கிகள், பளபளவென்று. கூடவே ஓர் அட்டை. அதில் பூப்படம். மனமொத்த முடிவு வந்துவிட்டது போலும். எல்லாருக்கும் அனுப்பியிருக்கிறார்கள். பெயர்ப் பட்டியலை யாரும் தொடவில்லை. ஹூப் அதை என்னிடம் நீட்டினான்.

'அன்புள்ள ஃபீன், சொன்னபடி உன்னைத் திரும்பக் கூப்பிட்டோம், பார்த்தாயா? காத்திருந்ததற்கு நன்றி. இனி நிம்மதியாக ஓட்டு.'

அவளுக்கு இன்னும் நீ.

ஹூப் போனை எடுத்து மன்றத்தின் எண்ணை அழுத்தினான். எண் மனப்பாடமாகியிருந்தது. யிட்ஸ்கெதான் எடுத்தாள். இவன் பெயரைக் கேட்டதும், சொல்லுங்க என்றாள்.

"ஃபீனைத் திரும்பக் கூப்பிட்டிருக்கறதா அட்டை வந்திருக்கு" என்றான் ஹூப். குரலில் சண்டை இல்லை. "நானும் அன்னைக்குக் கூப்பிட்டேங்க. அந்தப் பாதை முழுக்கக் கூப்பிட்டுக்கிட்டேதான் ஓடினேன். உங்களுக்குக்கூடக் கேட்டிருக்கும். அவ வரல. நீங்க கூப்பிட்டா வருவாளான்னு தெரிஞ்சுக்கலாம்னு கேக்கறேன்."

அந்தப் பக்கம் அழுதாளோ, கணினியில் தேடினாளோ, எனக்குத் தெரியாது. பிறகு அவளுக்குச் சொல்லிக்கொடுத்திருந்த ஒரே வாக்கியம் அவள் வாயிலிருந்து வந்தது. குழாயடியில் இருந்த எனக்கே கேட்டது.

"நான்… மேல கேட்டுட்டு, உங்களைத் திரும்பக் கூப்பிடறேன்."

ஹூப் சரி என்றான். போனை அணைத்து, கொக்கிகளோடு சேர்த்து மேசை இழுப்பறையில் போட்டு மூடினான். பிறகு டோர்ட்யெயின் குழந்தையைத் தூக்கி வரக் கிளம்பினான்.